இங்கிலாந்தில் வீட்டை நீட்டிக் கட்டப் போகிறீர்களா? பிளானிங் அனுமதி பற்றிய முழு வழிகாட்டி

எங்கள் வீடு லண்டனின் வடமேற்கு ஓரத்தில் 1930களில் கட்டிய ஒரு செமி, அதாவது பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பகிரும் இரட்டை வீட்டில் ஒன்று. வாங்கும்போதே சமையலறை பின்பக்கம் கொஞ்சம் நீண்டிருந்தது. பார்க்க வந்த பில்டர், "இந்தச் சுவரிலிருந்து இன்னும் மூன்று மீட்டர் இழுக்கலாம் அண்ணா, பிளானிங் ஒன்றும் தேவையில்லை, எல்லாம் பெர்மிட்டட்" என்றார். நாங்களும் நம்பி முன்பணம் கொடுக்கத் தயாராகிவிட்டோம். அப்புறம் வரைபடம் போட வந்த பெண் சமையலறையில் நின்று அண்ணாந்து பார்த்தார். கூரையில் குறுக்கே, பிளாஸ்டர் போர்டு அடித்து மறைத்த ஓர் உத்தரம் கீழே இறங்கியிருந்தது. அதைக் காட்டி, "உங்கள் வீடு இதோடு முடிந்துவிட்டது" என்றார்.

பழைய பின்சுவர் நின்ற இடம் அது. அங்கிருந்து இப்போதைய பின்சுவரின் வெளிப்பக்கம் வரை 2.4 மீட்டர். மூன்று மீட்டரில் எங்களுக்கு மிச்சம் இருந்தது வெறும் 60 சென்டிமீட்டர். பில்டர் சொன்னபடி கட்டியிருந்தால் கட்டடம் முழுவதுமே அனுமதியில்லாததாகியிருக்கும்.

அன்று கற்றதையும் அதன் பிறகு சொந்தக்காரர் வீடுகளுக்கு அலைந்து கற்றதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு.

முதலில்: உங்கள் வீட்டுக்கு அந்த உரிமை இருக்கிறதா?

பெர்மிட்டட் டெவலப்மென்ட், சுருக்கமாக பி.டி. என்பது உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலிடம் பிளானிங் விண்ணப்பம் போடாமலே சில அளவுகளுக்குள் கட்டிக்கொள்ளச் சட்டமே கொடுத்திருக்கும் அனுமதி. 2015ஆம் ஆண்டு ஆணை ஒன்றில் இந்த அளவுகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் இது எல்லா வீட்டுக்கும் கிடையாது.

ஃபிளாட்டுக்கும் மெசனெட்டுக்கும் இந்த உரிமையே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் தனி வீடு மாதிரி இருக்கும், தனி வாசல் இருக்கும், தோட்டமும் இருக்கும். ஆனால் மேலே இன்னொருவர் குடியிருந்தால் அது மெசனெட். முழு பிளானிங் அனுமதிதான் வழி. கடையையோ அலுவலகத்தையோ பி.டி. விதியின் கீழ் வீடாக மாற்றியிருந்தாலும் இந்த உரிமை வராது.

அடுத்து, சில தெருக்களில் ஆர்டிகிள் 4 என்ற உத்தரவின் மூலம் கவுன்சில் இந்த உரிமையில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்திருக்கும். பழைய தோற்றத்தைக் காக்க ஒதுக்கிய கன்சர்வேஷன் ஏரியாவில் உரிமை இருக்கும், ஆனால் குறைவாக: பக்கவாட்டு எக்ஸ்டென்ஷன் கூடாது, பின்பக்கம் இரண்டு மாடி கூடாது, லாஃப்டில் (கூரைக்கு அடியிலுள்ள இடத்தில்) டார்மர், அதாவது கூரைச் சரிவிலிருந்து துருத்தி நிற்கும் ஜன்னல் பகுதி, கூடாது. வரலாற்று மதிப்புக்காகப் பட்டியலில் சேர்த்த லிஸ்டட் கட்டடம் என்றால் உள்ளே வேலை செய்யக்கூடத் தனி ஒப்புதல் வேண்டியிருக்கும்.

புது எஸ்டேட்டில் வீடு வாங்கியவர்கள் இதைக் கவனியுங்கள். அந்த எஸ்டேட்டுக்கு முதலில் கொடுத்த பிளானிங் அனுமதியிலேயே "பி.டி. உரிமை நீக்கப்படுகிறது" என்று ஒரு நிபந்தனை இருக்கலாம். கவுன்சில் வலைத்தளத்தில் பிளானிங் பதிவேடு இருக்கிறது. முகவரியைப் போட்டால் பழைய அனுமதிகள் வரும். முடிவுக் கடிதத்தைத் திறந்து நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். அரை மணி நேர வேலை.

இரண்டாவது: 'அசல் வீடு' எங்கே முடிகிறது?

எல்லா அளவுகளுக்கும் அடி இதுதான். 1948 ஜூலை 1ஆம் தேதி எப்படி நின்றதோ, அதுதான் சட்டத்தின் கண்ணில் அசல் வீடு. அதற்குப் பிறகு கட்டிய வீடென்றால் முதன்முதலில் கட்டி முடித்த நிலை. நீங்கள் வாங்கிய நிலை கணக்கில் இல்லை. முன்பு இருந்தவர் 1985இல் கட்டிய கன்சர்வேட்டரியும் உங்கள் பங்கிலிருந்துதான் கழியும்.

அசல் சுவரைக் கண்டுபிடிக்கச் சில வழிகள். ஒரே வரிசையில் ஒரே ஆள் கட்டிய வீடுகளில் நீட்டாத வீடு ஒன்றாவது இருக்கும். அதன் பின்பக்கத்தோடு உங்கள் வீட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே கூரையில் இறங்கும் உத்தரம், தரையில் ஒரு சின்ன ஏற்ற இறக்கம், செங்கல் நிறம் மாறும் செங்குத்துக் கோடு, இவையெல்லாம் அடையாளம். பழைய அளவை வரைபடங்களும் பதிவேட்டில் உள்ள பழைய விண்ணப்பங்களும் உதவும்.

மூன்றாவது: பின்பக்கம் எவ்வளவு இழுக்கலாம்?

ஒற்றைத் தளம் என்றால் செமிக்கும் வரிசையாக ஒட்டி நிற்கும் டெரஸ் வீட்டுக்கும் 3 மீட்டர், தனித்து நிற்கும் டிடாச்டு வீட்டுக்கு 4 மீட்டர். இது வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவருக்கு. புதுச் சுவரின் கனம் இதற்குள் அடங்கும் என்பதால் உள்ளே கிடைக்கும் இடம் இன்னும் குறைவு. சாப்பாட்டு மேசை வாங்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

மொத்த உயரம் 4 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. எல்லை வேலியிலிருந்து 2 மீட்டருக்குள் எக்ஸ்டென்ஷனின் எந்தப் பகுதி வந்தாலும் கூரை விளிம்பு 3 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. செமியிலும் டெரஸிலும் எப்படியும் வேலியை ஒட்டித்தான் கட்டுவோம் என்பதால் நடைமுறையில் 3 மீட்டர்தான் உங்கள் விளிம்பு. தரை சரிவாக இருந்தால் கட்டடத்தை ஒட்டிய இயற்கைத் தரையின் மிக உயர்ந்த இடத்திலிருந்து அளப்பார்கள்.

எக்ஸ்டென்ஷன், ஷெட் எல்லாம் சேர்ந்து, அசல் வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதிக்கு மேல் மூடக் கூடாது. வெளிப்பூச்சும் செங்கல்லும் பழைய வீட்டோடு ஒத்துப்போக வேண்டும். பால்கனி கூடாது. 30 சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்திய மேடையும் கூடாது. சரிவான தோட்டத்தில் டெக்கிங் போடுபவர்கள் பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பக்கவாட்டில் ஒற்றைத் தளம் மட்டும், 4 மீட்டர் உயரம், அகலம் அசல் வீட்டின் அகலத்தில் பாதி வரை. மூலை வீடாக இருந்து அந்தப் பக்கச் சுவர் தெருவைப் பார்த்தால் அங்கே பி.டி. இல்லை. பின்பக்கத்தையும் பக்கவாட்டையும் 'எல்' மாதிரி சேர்த்துக் கட்ட ஆசைப்படுபவர்கள் அதிகம். சேர்ந்த கட்டடம் இரண்டு விதிக்கும் ஒரே நேரத்தில் உட்பட வேண்டும். மொத்த அகலம் வீட்டின் பாதியைத் தாண்டிவிடும் என்பதால் பெரும்பாலும் அது பி.டி.யில் அடங்காது. விக்டோரியன் டெரஸில் பின்னால் நீளும் சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு சந்து இருக்குமே, அந்தச் சந்தை அடைப்பதும் பக்கவாட்டு எக்ஸ்டென்ஷனாகவே கருதப்படும். அதையும் சமையலறைக்குப் பின்னால் உள்ள இடத்தையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினால் அதே சிக்கல்தான்.

பின்பக்கம் இரண்டு மாடி, 3 மீட்டர் ஆழம் வரை, பின் எல்லைக்கு 7 மீட்டர் விட்டுக் கட்டலாம் என்று விதி சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வேலியிலிருந்து 2 மீட்டருக்குள் வந்தால் விளிம்பு 3 மீட்டர்தான் என்ற விதி இதற்கும் பொருந்தும். மூன்று மீட்டர் விளிம்பில் இரண்டு மாடி நிற்காது. ஆகவே பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து 2 மீட்டர் தள்ளியே கட்ட முடியும். செமியில் அது பெரும்பாலும் சரிவராது. இரண்டு மாடி வேண்டுமென்றால் நேராக பிளானிங் விண்ணப்பம் போடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

நான்காவது: ஆறு மீட்டர் வழி

ஒற்றைத் தளத்துக்கு மட்டும் ஒரு பெரிய வாசல் திறந்திருக்கிறது. செமி, டெரஸுக்கு 6 மீட்டர், டிடாச்டுக்கு 8 மீட்டர். 2019இல் இது நிரந்தரமானது. கன்சர்வேஷன் ஏரியா போன்ற இடங்களில் கிடையாது. இதற்குக் கவுன்சிலிடம் பிரையர் அப்ரூவல், அதாவது கட்டும் முன் வாங்கும் ஒப்புதல், கேட்க வேண்டும். கொடுக்க வேண்டியவை: எவ்வளவு ஆழம், மொத்த உயரம், விளிம்பு உயரம், ஒரு வரைபடம், ஒட்டியுள்ள வீடுகளின் முகவரிகள். 2025 ஏப்ரலில் இதன் கட்டணம் 240 பவுண்டு ஆனது.

கவுன்சில் அக்கம்பக்கத்தாருக்குக் கடிதம் போட்டுக் குறைந்தது 21 நாள் அவகாசம் கொடுக்கும். யாரும் மறுப்புச் சொல்லவில்லை என்றால் கட்டலாம். ஒருவர் மறுத்தாலும் கவுன்சில் வெளிச்சம் குறைவது, பார்வை அடைபடுவது போன்ற பாதிப்புகளைப் பார்த்து முடிவெடுக்கும். 42 நாளுக்குள் பதில் வரவேண்டும். வராவிட்டால் கொடுத்த விவரப்படியே தொடங்கலாம்.

கட்டத் தொடங்கிய பிறகு இந்த வழியில் விண்ணப்பிக்க முடியாது. அஸ்திவாரம் தோண்டிவிட்டுக் கேட்டால் வாசல் மூடிவிடும். அத்தோடு பழைய எக்ஸ்டென்ஷனோடு புதியதை இணைத்தால் இரண்டும் சேர்ந்த அளவுதான் 6 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

நாங்கள் கடைசியில் இந்த வழியில்தான் போனோம். கடிதம் போவதற்கு முன்பே இரண்டு பக்கத்து வீட்டுக்கும் போய், சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்துக் காட்டினோம். இடப்பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒரே கவலை, தன் தக்காளிச் செடிக்கு மாலை வெயில் போய்விடுமோ என்று. உயரத்தைக் கொஞ்சம் குறைத்து, ஆழத்தை 4.5 மீட்டரோடு நிறுத்தினோம். மறுப்பு வரவில்லை.

ஐந்தாவது: லாஃப்ட்

டெரஸுக்கு 40 கன மீட்டர், செமிக்கும் டிடாச்டுக்கும் 50 கன மீட்டர் கூடுதல் கொள்ளளவு வரை பி.டி. இருக்கிறது. கூரையின் உச்சியைத் தாண்டக் கூடாது. தெருவைப் பார்க்கும் முன்பக்கச் சரிவில் டார்மர் கூடாது. பின் டார்மர், அசல் கூரை விளிம்பிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். பக்கச் சுவரில் ஜன்னல் வைத்தால் மங்கலான கண்ணாடி வேண்டும், அந்த அறையின் தரையிலிருந்து 1.7 மீட்டருக்குக் கீழே திறக்கக் கூடாது.

கணக்கு கடினமில்லை, நீங்களே போட்டுப் பார்க்கலாம். சாய்ந்த பக்கக் கூரையை நேர்ச் சுவராக மாற்றுவதற்கு: முன்பின் அகலம் × உயரம் × சாய்வு உள்ளே போகும் நீளம், அதை 6ஆல் வகுக்கவும். டார்மருக்கு: அகலம் × உயரம் × ஆழம், 2ஆல் வகுக்கவும். முன்பின் அகலம் 8 மீட்டர், கூரை உயரம் 3, சாய்வு 4 என்றால் முதல் பகுதி 16 கன மீட்டர். 7 மீட்டர் அகலம், 2.4 உயரம், 3.2 ஆழமுள்ள டார்மர் 26.88. மொத்தம் 42.88.

செமியாக இருந்தால் இது தாராளமாக அடங்கும். ஆனால் டெரஸ் வரிசையின் கடைசி வீடாக இருந்தால்? பார்க்க செமி மாதிரியே இருக்கும், பக்கத்தில் சந்தும் இருக்கும். சட்டத்துக்கு அது டெரஸ். 40தான். அதே வரைபடம் அங்கே தோற்றுவிடும். டார்மரை 6 மீட்டராகக் குறைத்தால் 39.04, சரியாகிவிடும். முன்பே யாராவது கூரையில் எதையாவது சேர்த்திருந்தால் அதையும் கூட்ட மறக்காதீர்கள்.

வீட்டின் மேல் முழு மாடி எழுப்ப 2020இல் ஓர் உரிமை வந்தது. 1948 ஜூலைக்கும் 2018 அக்டோபருக்கும் இடையே கட்டிய வீடுகளுக்கு மட்டும்தான், அதற்கும் பிரையர் அப்ரூவல் வேண்டும். 1930களின் வீடுகள் அதில் சேராது.

ஆறாவது: தோட்டத்து அறை

இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் அதிகம் தவறு செய்வது இங்கே. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து தங்க, தோட்டத்தின் கோடியில் ஒரு படுக்கையறை, குளியலறை, சின்னச் சமையல் இடம் என்று கட்டுகிறார்கள். அளவெல்லாம் சரியாக இருக்கும். எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் இருந்தால் மொத்த உயரம் 2.5 மீட்டர், தள்ளியிருந்தால் இருபக்கச் சரிவுக் கூரைக்கு 4, மற்றவற்றுக்கு 3 மீட்டர், விளிம்பு 2.5. இதெல்லாம் பார்த்துத்தான் கட்டியிருப்பார்கள்.

ஆனால் விதி அளவோடு நிற்பதில்லை. அந்த அறை வீட்டின் வாழ்க்கைக்குத் துணையானதாக இருக்க வேண்டும்: உடற்பயிற்சி அறை, வேலை செய்யும் அறை, சாமான் அறை, விளையாட்டு அறை. தூங்கி, சமைத்து, குடியிருக்கும் இடமென்றால் பி.டி. பொருந்தாது, பிளானிங் அனுமதி வேண்டும். வாடகைக்கு விட்டால் நிலைமை இன்னும் மோசம். ஸ்லவ் கவுன்சில் 2013இல் விமானத்திலிருந்து வெப்பப் படம் எடுத்தே குடியிருக்கும் கொட்டகைகளைத் தேடியது. பெற்றோருக்காகத்தான் என்றால் அதையே வெளிப்படையாகச் சொல்லி விண்ணப்பம் போடுங்கள். வீட்டோடு சேர்ந்த அனெக்ஸ் என்று பல கவுன்சில்கள் நிபந்தனையோடு கொடுக்கின்றன. தனியாகக் குடியிருக்கத் தக்கதாக இருந்தால் தனி கவுன்சில் டாக்ஸ் கணக்கும் வரலாம் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

முன்பக்கம் கார் நிறுத்தத் தளம் போட்டால், 5 சதுர மீட்டருக்கு மேல் போகும்போது மழைநீர் இறங்கும் பொருளாக இருக்க வேண்டும், அல்லது நீர் உங்கள் நிலத்துக்குள்ளேயே வடிய வேண்டும். நடைபாதை விளிம்பை இறக்குவது வேறு அனுமதி. வாசல் போர்ச் 3 சதுர மீட்டர், 3 மீட்டர் உயரம், தெரு எல்லையிலிருந்து 2 மீட்டர் தள்ளி.

ஏழாவது: கையில் காகிதம்

பி.டி.யில் அடங்கும் வேலைக்கு யாரையும் கேட்கத் தேவையில்லை என்பது உண்மை. இருந்தும் கட்டும் முன் லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட் வாங்குங்கள் என்று ஒவ்வொருவரிடமும் வற்புறுத்துகிறேன். வரைபடங்களோடு விண்ணப்பித்தால் 'இது சட்டப்படி சரி' என்று கவுன்சில் எழுத்தில் கொடுக்கும். இங்கே அண்டை வீட்டார் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. அளவுகள் பொருந்துகின்றனவா என்பது மட்டுமே கேள்வி. கட்டணம் பிளானிங் கட்டணத்தில் பாதி, காலம் எட்டு வாரம். வீட்டை விற்கும்போதும் ரீமார்கேஜ் எடுக்கும்போதும் எதிர்த்தரப்பு சொலிசிட்டர் முதலில் கேட்பது இந்தக் காகிதத்தைத்தான்.

பி.டி.யில் அடங்காவிட்டால் ஹவுஸ்ஹோல்டர் பிளானிங் விண்ணப்பம். 2025 ஏப்ரலில் கட்டணம் 258லிருந்து 528 பவுண்டாக உயர்ந்தது. ஆண்டுதோறும் ஏப்ரலில் மாறக்கூடியது என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் பாருங்கள். எட்டு வாரத்தில் முடிவு வரவேண்டும். கிடைத்தால் மூன்று ஆண்டுக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். மறுத்தால் 12 வாரத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் மறுப்புக் கடிதத்தில் உள்ள காரணத்தைப் படித்து, வரைபடத்தைத் திருத்தி மறுபடி போடுவதுதான் பல நேரம் சீக்கிரம் முடியும்.

எட்டாவது: பிளானிங் முடிந்தாலும் முடியாத மூன்று வேலைகள்

கட்டடத்தின் பாதுகாப்பையும் தரத்தையும் சோதிக்கும் பில்டிங் கண்ட்ரோல் முற்றிலும் தனி. பிளானிங் வேண்டாம் என்றால் இதுவும் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். அஸ்திவாரக் குழிக்குள் கான்கிரீட் ஊற்றும் முன் ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும். லண்டன் களிமண்ணில் ஒரு மீட்டர் ஆழம் சாதாரணம். பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் இன்னும் ஆழம் கேட்பார்கள், பட்ஜெட் அங்கேதான் எகிறும். பின்சுவரை எடுத்து இரும்பு உத்தரம் வைக்க ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்கு வேண்டும். லாஃப்ட் என்றால் படிக்கட்டிலிருந்து வாசல் வரை தீ பரவாத வழி, தீத்தடுப்புக் கதவுகள், ஒன்றோடொன்று இணைந்த புகை அலாரங்கள்.

அடுத்தது பார்ட்டி வால், அதாவது பக்கத்து வீட்டோடு பகிரும் பொதுச் சுவர். 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுச் சுவரில் உத்தரம் ஏற்றினால் இரண்டு மாதம் முன்னதாகவும், எல்லைக் கோட்டில் புதுச் சுவர் எழுப்பினாலோ, பக்கத்துக் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள் அதன் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினாலோ ஒரு மாதம் முன்னதாகவும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பொதுச் சுவர் வேலைக்கும் தோண்டலுக்குமான நோட்டீஸுக்கு 14 நாளில் எழுத்தில் சம்மதம் வராவிட்டால் தகராறு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்போது சர்வேயர் வேண்டும், அவர் கட்டணம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். முன்கூட்டியே நேரில் போய்ப் பேசுவதும், வேலைக்கு முன் அவர்கள் சுவரில் உள்ள விரிசல்களைப் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்வதும் நல்லது.

மூன்றாவது கழிவுநீர்க் குழாய். பல வீடுகளின் கழிவைச் சுமக்கும் குழாய்கள் 2011 அக்டோபரில் தண்ணீர் நிறுவனங்களின் பொறுப்புக்குப் போயின. உங்கள் தோட்டத்துக்கு அடியில் ஓடினாலும் அது உங்களுடையதல்ல. அதன் மேலேயோ 3 மீட்டருக்குள்ளேயோ கட்ட அந்த நிறுவனத்தின் பில்ட் ஓவர் ஒப்பந்தம் வேண்டும். பின்வாசலில் இரும்பு மூடி தெரிந்தால் முதல் நாளே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே கட்டியாகிவிட்டதா?

முன்பு நான்கு ஆண்டு கடந்துவிட்டால் கவுன்சில் நடவடிக்கை எடுக்க முடியாது. இன்னும் பலர் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2024 ஏப்ரல் 25 முதல் அது பத்து ஆண்டு. அந்தத் தேதிக்கு முன் பெருமளவு முடிந்துவிட்ட கட்டடத்துக்கு மட்டுமே பழைய நான்காண்டுக் கணக்கு. அப்படிப்பட்டவர்கள் பில்டர் ரசீது, தேதியுள்ள படங்கள், பழைய வான்படம் எல்லாம் சேர்த்து, ஏற்கெனவே கட்டியதற்கான லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட்டுக்கு விண்ணப்பிக்கலாம். மற்றவர்கள், கட்டிய பிறகு அனுமதி கேட்கும் பிளானிங் விண்ணப்பம் போடலாம். கிடைக்கும் என்று உறுதியில்லை. கவுன்சிலிலிருந்து கடிதம் வந்துவிட்டால் பதில் போடாமல் இருக்காதீர்கள். பல நேரங்களில் அவர்கள் கேட்பது ஒரு ஜன்னலை மங்கலாக்குவது, கூரையைக் கொஞ்சம் இறக்குவது போன்ற திருத்தமாக இருக்கும்.

வேலை முடிந்ததும் பில்டிங் கண்ட்ரோலின் கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட்டை வாங்காமல் பில்டருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். ஆறு மீட்டர் வழியில் கட்டியிருந்தால் முடிந்த தேதியைக் கவுன்சிலுக்கு எழுத வேண்டும், அதுவும் விதிதான். வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இந்தக் காகிதங்கள் எல்லாம் ஒரே நீலக் கோப்பில், கேஸ் மீட்டர் அலமாரிக்கு மேலே இருக்கின்றன. அதன் முதல் பக்கத்தில், உத்தரம் இருந்த இடத்தைச் சிவப்புக் கோட்டால் குறித்து '1948' என்று எழுதிய தரை வரைபடத்தை வைத்திருக்கிறேன். அடுத்து இந்த வீட்டை வாங்குபவர் எங்கிருந்து அளக்க வேண்டும் என்று தேட வேண்டியிருக்காது.